ஜியோகேச்சிங்

ஜியோகேச்சிங் என்பது, ஒருவர் மறைத்து வைத்த பெட்டியை, அவர் அறிவிக்கும் அகலாங்கு (அட்சரேகை), நெட்டாங்கு (தீர்க்கரேகை) ஆகியவற்றைக் கொண்டு மற்றவர்கள் தேடிக் கண்டுபிடிக்கும் ஒரு திறந்தவெளிப் பொழுதுபோக்கு ஆகும். தேடுவோர், செய்மதிச் சைகைகளைப் பெற்று இடத்தைக் காட்டும் ஜி.பி.எஸ் கருவியையோ, அவ்வசதி கொண்ட கைபேசியையோ பயன்படுத்துகின்றனர். பெட்டியைக் கண்டவர் அதனுள் இருக்கும் குறிப்பேட்டில் தமது பெயரையும் நாளையும் எழுதிவிட்டு, பெட்டியை முன்பு இருந்தபடியே மீண்டும் மறைத்து வைக்க வேண்டும்.

2000 ஆம் ஆண்டு ஐக்கிய அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் ஒரே ஒரு வாளியுடன் தொடங்கிய இவ்விளையாட்டு, பின்னர் 190 இற்கும் மேற்பட்ட நாடுகளுக்குப் பரவியது. இன்று 30 இலட்சத்துக்கும் மேற்பட்ட பெட்டிகள் உலகெங்கும் உள்ளன. பூட்டும் காவலும் இல்லாத இப்பெட்டிகள், முன்பின் அறியாதவர்களின் நேர்மையை நம்பியே விட்டுச் செல்லப்படுகின்றன. இவ்விளையாட்டின் விதிகளும், பழக்கங்களும், சிக்கல்களும் பெரும்பாலும் இந்த நம்பிக்கையிலிருந்தே எழுகின்றன.

பெயர்

இப்பெயர், புவி என்னும் பொருள் தரும் கிரேக்க அடிச் சொல்லான "ஜியோ" என்பதையும், "கேச்" என்னும் சொல்லையும் இணைத்து உருவாக்கப்பட்டது. மறைத்தல் எனப் பொருள்படும் பிரெஞ்சு வினைச்சொல்லிலிருந்து வந்த "கேச்", வட அமெரிக்காவின் வேட்டையாடிகளும் நாடாய்வாளர்களும் பிற்காலத் தேவைக்காக ஒளித்து வைத்த உணவையும் பொருட்களையும் குறித்தது. தொடக்கத்தில் இவ்விளையாட்டில் "ஸ்டாஷ்" என்னும் சொல்லே வழங்கியது. போதைப்பொருள் போன்றவற்றைப் பதுக்குவதையும் அச்சொல் நினைவூட்டியதால், மாட் ஸ்டம் என்பவர் 2000 ஆம் ஆண்டு மே 30 அன்று புதிய பெயரை முன்மொழிந்தார்.

முன்னோடி

இதனை ஒத்த விளையாட்டு ஒன்று இங்கிலாந்தில் ஏற்கனவே இருந்தது. 1854 ஆம் ஆண்டில் டார்ட்மூர் பகுதியில் வழிகாட்டியாக இருந்த ஜேம்ஸ் பெரட், எளிதில் சென்றடைய முடியாத கிரான்மியர் குளத்தருகே ஒரு போத்தலை வைத்தார். அங்குவரை நடந்து வந்தவர்கள் தமது பெயர் அட்டையை அதில் இட்டுச் சென்றனர். இதிலிருந்து வளர்ந்த "லெட்டர்பாக்சிங்" என்னும் விளையாட்டில், தேடுவோர் எழுத்துக் குறிப்புக்களைப் பின்பற்றிச் சென்று பெட்டியைக் கண்டு, அதிலுள்ள முத்திரையைத் தமது ஏட்டில் பதித்துக் கொள்கின்றனர்.

வரலாறு

ஜி.பி.எஸ் முறைமை ஐக்கிய அமெரிக்கப் படைத்துறையால் உருவாக்கப்பட்டது. ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் புவியைச் சுற்றும் செய்மதிகளில் குறைந்தது நான்கின் சைகைகளைப் பெற்று, அவை வந்து சேர எடுத்த நேரத்தைக் கணித்து, கருவி தனது இடத்தை அறிகின்றது. எதிரிகள் பயன்படுத்தக் கூடாது என்பதற்காக, பொதுமக்களுக்குக் கிடைக்கும் சைகைகளில் வேண்டுமென்றே பிழை சேர்க்கப்பட்டு வந்தது. இதனால் கருவி காட்டும் இடம் ஏறத்தாழ 100 மீட்டர் வரை விலகியிருக்கலாம். அவ்வளவு பரப்பில் ஒரு சிறிய பெட்டியைத் தேடுவது கடினம்.

குடியரசுத் தலைவர் பில் கிளிண்டனின் ஆணைப்படி இப்பிழை 2000 ஆம் ஆண்டு மே 1 நள்ளிரவில் நீக்கப்பட்டது. பொதுமக்களின் கருவிகள் பத்து மடங்கு வரை துல்லியமாயின. இதனைச் சோதித்துப் பார்க்க விரும்பிய டேவ் உல்மர் என்னும் கணினித் துறையினர், மே 3 அன்று ஒரிகனில் போர்ட்லாந்து நகருக்கு அண்மையிலுள்ள பீவர்கிரீக் என்னும் ஊருக்கு அருகே ஒரு கறுப்பு வாளியை மறைத்து வைத்தார். அதில் குறிப்பேடு, பென்சில், நூல்கள், மென்பொருள், கவண், ஒரு தகர டப்பா அவரை முதலிய பொருட்கள் இருந்தன. இடத்தின் அகலாங்கையும் நெட்டாங்கையும் இணையத்தில் அறிவித்த அவர், "சிலவற்றை எடுங்கள், சிலவற்றை வையுங்கள்" என்பதை மட்டுமே விதியாகக் கொண்டார். மூன்று நாட்களுக்குள் இருவர் வாளியைக் கண்டனர். அவர்களுள் மைக் டீக் குறிப்பேட்டில் முதலில் பதிவு செய்தார். புதிதாக மறைக்கப்படும் பெட்டிகளின் பட்டியலைத் தொகுக்கத் தொடங்கியவரும் இவரே.

சியாட்டில் பகுதியில் இணைய வடிவமைப்பாளராக இருந்த ஜெரமி ஐரிஷ், 2000 ஆம் ஆண்டு செப்டம்பர் 2 அன்று இவ்விளையாட்டுக்கான இணையத்தளத்தைத் தொடங்கினார். அப்போது உலகில் அறியப்பட்ட பெட்டிகள் 75 மட்டுமே. அவரும் இரு நண்பர்களும் இணைந்து நிறுவிய கிரவுண்ட்ஸ்பீக் நிறுவனம், மிகப் பெரிய பட்டியலைப் பேணி வருகின்றது. செருமனி, போலந்து முதலிய நாடுகளில் தன்னார்வலர் நடத்தும் ஓப்பன்கேச்சிங் பட்டியல்களும் உள்ளன.

விளையாடும் முறை

இடம் பாகையிலும், மூன்று தசமத்தானங்கள் கொண்ட பாகைத் துளியிலும் குறிக்கப்படுகின்றது. எடுத்துக்காட்டாக, முதல் வாளியின் இடம் வடக்கு 45° 17.460', மேற்கு 122° 24.800' என்பதாகும். அகலாங்கில் ஒரு துளியின் ஆயிரத்தில் ஒரு பங்கு, தரையில் ஏறத்தாழ 1.85 மீட்டர் ஆகும். எண்கள் இவ்வளவு நுணுக்கமாக இருப்பினும் கருவி சில மீட்டர்கள் பிழைபடலாம். அடர்ந்த மரங்களும் உயர்ந்த கட்டடங்களும் பிழையை மேலும் கூட்டும். மறைத்தவரின் கருவியிலும் தேடுபவரின் கருவியிலும் பிழை இருக்கக்கூடும் என்பதால், கருவி இலக்கைக் காட்டிய பின்னரே உண்மையான தேடல் தொடங்குகின்றது. அதன் பிறகு உதவுவது கண்ணும், அனுபவமும், மறைத்தவர் தந்த சிறு குறிப்பும் ஆகும்.

ஒவ்வொரு பெட்டிக்கும் இரு மதிப்பீடுகள் வழங்கப்படுகின்றன. ஒன்று கண்டுபிடிப்பதற்கான கடினத்தையும், மற்றொன்று நிலப்பரப்பின் கடினத்தையும் காட்டுகின்றது. இரண்டும் 1 முதல் 5 வரை அரை அரைப் புள்ளிகளாக உயர்கின்றன. பெட்டியில் உள்ள பொருளை எடுப்பவர், அதே மதிப்போ அதற்கு மேற்பட்ட மதிப்போ உள்ள வேறொரு பொருளை வைக்க வேண்டும். உணவுப் பொருட்கள் விலங்குகளை ஈர்ப்பதால் வைக்கப்படக் கூடாது. வெடிபொருள், ஆயுதம், போதைப்பொருள் ஆகியனவும் விலக்கப்பட்டுள்ளன.

வகைகள்

* மரபுவழிப் பெட்டி - அறிவிக்கப்பட்ட இடத்திலேயே இருப்பது. படைத்துறையினர் தோட்டாக்கள் வைக்கும் பழைய இரும்புப் பெட்டி, மூடி இறுகிய பிளாஸ்டிக் டப்பா, புகைப்படச் சுருள் டப்பா எனப் பல அளவுகளில் அமையும். விரல்நுனி அளவான பெட்டிகளும் உள்ளன.
* பலபடிப் பெட்டி - ஓரிடத்தில் கிடைக்கும் குறிப்பு அடுத்த இடத்தைக் காட்டும். இறுதி இடத்திலேயே குறிப்பேடு இருக்கும்.
* புதிர்ப் பெட்டி - புதிரை விடுவித்தால்தான் சரியான இடம் தெரியவரும்.
* நிலவியல் இடம் - பெட்டி இல்லாதது. பாறை, அருவி போன்றவற்றை நேரில் பார்த்துக் கேள்விகளுக்கு விடை எழுதி அனுப்ப வேண்டும். அமெரிக்க நிலவியல் கழகத்துடன் இணைந்து உருவான இவ்வகையில் முதலாவது, 2004 ஆம் ஆண்டு சனவரியில் ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் அமைந்தது.
* நிகழ்வு - ஆர்வலர்கள் குறித்த நாளில், குறித்த இடத்தில் ஒன்றுகூடுவது.

பயணப் பொருட்கள்

சில பொருட்களில் தனி எண் பொறித்த உலோகத் தகடு கட்டப்பட்டிருக்கும். இவற்றை எடுப்பவர் தமக்கென வைத்துக் கொள்ளாமல் வேறொரு பெட்டிக்குக் கொண்டு சேர்க்க வேண்டும். எண்ணைக் கொண்டு பொருளின் பயணத்தை இணையத்தில் பின்தொடரலாம். 2008 ஆம் ஆண்டு அக்டோபரில் ரிச்சர்ட் கேரியட் இத்தகைய பொருள் ஒன்றை அனைத்துலக விண்வெளி நிலையத்துக்குக் கொண்டு சென்றார். 2021 ஆம் ஆண்டு பெப்ரவரியில் செவ்வாயில் இறங்கிய பெர்சீவரன்சு ஊர்தியின் கருவியொன்றைச் சரிபார்ப்பதற்கான தகட்டிலும் இவ்வாறான எண் பொறிக்கப்பட்டுள்ளது.

ஆர்வலர் சமூகம்

ஆர்வலர்கள் பெரும்பாலும் புனைபெயர்களிலேயே அறியப்படுகின்றனர். ஒரே குறிப்பேட்டில் பல ஆண்டுகள் அடுத்தடுத்துப் பெயர் எழுதியவர்கள் ஒருவரையொருவர் சந்தித்ததே இல்லாமல் இருக்கலாம். இவ்விளையாட்டை அறியாத வழிப்போக்கர்களை இவர்கள் "மகிள்" என அழைக்கின்றனர். ஹாரி பாட்டர் கதைகளில் மந்திரம் அறியாதவர்களைக் குறிக்கும் இச்சொல், இங்கு வினைச்சொல்லாகவும் மாறியுள்ளது. அறியாதவர் கையில் சிக்கிப் பெட்டி காணாமற் போனால் அது "மகிள் செய்யப்பட்டது" என்பர்.

கண்டுபிடித்ததைப் பதிவது போலவே, கண்டுபிடிக்க முடியாததைப் பதிவதும் முக்கியமானதாகக் கருதப்படுகின்றது. தொடர்ந்து பலர் தோல்வியைப் பதிந்தால், பெட்டி தொலைந்திருக்கலாம் என உரிமையாளர் அறிகின்றார். தோல்வியை மறைப்பவர், அடுத்து வருபவரை வீணாக அலையச் செய்கின்றார். புதிய பெட்டிகளைத் தன்னார்வலர்களான மதிப்பாய்வாளர்கள் சரிபார்த்த பின்னரே பட்டியலில் சேர்க்கின்றனர். இரு பெட்டிகளுக்கு இடையே பொதுவாகக் குறைந்தது 161 மீட்டர் தொலைவு இருக்க வேண்டும். 2002 ஆம் ஆண்டு முதல், தேடச் செல்லும் இடங்களில் உள்ள குப்பைகளை அகற்றும் பணியும் ஒழுங்குபடுத்தப்பட்டு நடைபெறுகின்றது.

சிக்கல்கள்

நில உரிமை: பெட்டியை வைக்க நில உரிமையாளரின் இசைவு தேவை. ஐக்கிய அமெரிக்கத் தேசியப் பூங்காக்களில், பொருட்களைக் கவனிப்பாரின்றி 24 மணி நேரத்துக்கு மேல் விட்டுச் செல்வதை விதிகள் தடை செய்கின்றன. பலர் ஒரே இடத்தைத் தேடுவதால் செடிகள் மிதிபடுவதும் புதிய ஒற்றையடிப் பாதைகள் உருவாவதும் மற்றொரு குறையாகும். பெட்டியைப் புதைப்பதை விதிகள் தடுப்பதற்கு இதுவும் ஒரு காரணமாகும். தென் கரோலினா மாநிலத்தில் கல்லறைகளிலும் வரலாற்றுச் சின்னங்களிலும் இசைவின்றி விளையாடுவதைக் குற்றமாக்கும் மசோதா 2005 ஆம் ஆண்டு கீழவையில் நிறைவேறியது. எனினும் அது சட்டமாகவில்லை.

ஐயம்: பொது இடத்தில் குனிந்து தேடுபவரும், அங்கு மறைந்திருக்கும் பெட்டியும் எளிதில் ஐயத்துக்கு உள்ளாகின்றனர். 2011 ஆம் ஆண்டு சூலையில் இங்கிலாந்தின் வெதர்பி நகரில், உணவகம் ஒன்றின் வெளியே இருந்த சிறு பெட்டியை வெடிகுண்டு எனக் கருதிப் படையினர் வெடிக்கச் செய்து அழித்தனர். இதனால்தான் பெட்டியின் வெளிப்புறத்தில் அது என்னவென்று தெளிவாக எழுதவும், பள்ளிகள், பாலங்கள், தொடருந்துப் பாதைகள் போன்றவற்றின் அருகே வைப்பதைத் தவிர்க்கவும் ஆர்வலர்கள் வலியுறுத்தப்படுகின்றனர்.

ஆபத்து: கடினமான பெட்டிகளைத் தேடி மலைகளிலும் சுரங்க வழிகளிலும் சென்று உயிரிழந்தவர்களும் உள்ளனர். 2018 ஆம் ஆண்டு சூனில், செக் குடியரசின் பிராக் நகரில் நிலத்தடி நீர்வழி ஒன்றினுள் தேடிக்கொண்டிருந்த நால்வர், திடீர் மழையால் பெருகிய வெள்ளத்தில் சிக்கினர். அவர்களுள் இருவர் உயிரிழந்தனர். நிலப்பரப்பு மதிப்பீடு பாதையின் கடினத்தைக் கூறுமே அன்றி, அன்றைய வானிலையைக் கூறாது.

பராமரிப்பு

மழை, வெயில், விலங்குகள், திருட்டு ஆகியவற்றால் பெட்டிகள் சேதமடைகின்றன. நனைந்த குறிப்பேட்டை மாற்றுவதும், உடைந்த மூடியைச் சீர்செய்வதும் மறைத்தவரின் பொறுப்பாகும். பொறுப்பேற்பவர் இல்லாத பெட்டி பட்டியலிலிருந்து நீக்கப்படும். 2000 ஆம் ஆண்டு மே 11 அன்று கன்சாஸ் மாநிலத்தில் மறைக்கப்பட்ட "மிங்கோ", முதல் மாதப் பெட்டிகளுள் நெடுங்காலம் நிலைத்த ஒன்றாகும்.

உல்மரின் முதல் வாளி அவ்வாறு நிலைக்கவில்லை. புல்வெட்டும் பொறியில் சிக்கி அது அழிந்தது. அதிலிருந்து எஞ்சிய தகர டப்பா அவரை, பின்னர் எண் பெற்ற பயணப் பொருளாக மாறியது. வாளி இருந்த இடத்தில் 2003 ஆம் ஆண்டு ஆர்வலர்கள் ஒரு நினைவுத் தகட்டைப் பதித்தனர். அங்கு செல்வோர் கையெழுத்திட இன்றும் ஒரு பெட்டி வைக்கப்பட்டுள்ளது.