ரொறன்ரோவின் அஞ்சற்கலையும் பெயரற்ற தலைவியும்: 1971ஆம் ஆண்டுப் போட்டி ஒன்றை முன்வைத்து

1971ஆம் ஆண்டு ரொறன்ரோ நகரிலிருந்து 16 கலைஞர்களுக்குப் பெட்டிகள் அஞ்சலில் அனுப்பப்பெற்றன. போட்டி விதிகளும் அழைப்பிதழும் ஒரு கவுனும் அவற்றில் இருந்தன. கவுனை யாருக்கேனும் அணிவித்து, ஒளிப்படம் எடுத்துத் திருப்பி அனுப்புதல் வேண்டும். அவற்றுள் ஒருவர் 'மிஸ் ஜெனரல் ஐடியா' எனத் தேர்ந்தெடுக்கப்படுவார். இதனை நடத்தியவர்கள் ஏ.ஏ. புரோன்சன், ஃபீலிக்ஸ் பார்ட்ஸ், ஜோர்ஜ் சொன்டால் என்னும் புனைபெயர்களைத் தாங்கிய மூவர். 1969 முதல் ரொறன்ரோவில் 'ஜெனரல் ஐடியா' என்னும் ஒரே பெயரில் இயங்கியவர்கள் இவர்கள்.

கைவினையாகச் செய்த படைப்புகளை அஞ்சல்வழிப் பரிமாறும் இக்கலைக்கு முன்னோடியாகக் கருதப்படுபவர் நியூயோர்க் கலைஞர் ரே ஜோன்சன் (1927–1995). அவருடைய கடித வட்டம் 1962இல் பெயர் பெற்றது. கடிதப் போக்குவரத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லில் ஓர் எழுத்தை மாற்றி, அதனுள் நடனத்தைப் புகுத்திய விளையாட்டு அப்பெயர். ஒட்டுப்படமும் இறப்பர் முத்திரையும் கொண்ட தாளை ஒருவருக்கு அனுப்பி, அதில் ஏதேனும் சேர்த்து வேறொருவருக்கு அனுப்புமாறு கேட்பது அவர் வழக்கம். நடிகை ஷெல்லி டுவால், பாப்லோ பிக்காசோவின் மகள் பலோமா ஆகியோர் பெயர்களில் அவர் இரசிகர் மன்றங்களையும் கற்பித்தார். நாயகியரைப் போற்றும் இந்த விளையாட்டு அஞ்சல் உறைகளுக்குள்ளேயே வளர்ந்தது. கனடாவில் வன்கூவரைச் சேர்ந்த மைக்கேல் மொரிஸும் வின்சென்ட் டிராசோவும் 'இமேஜ் பாங்க்' என்னும் படப் பரிமாற்ற வலையை அமைத்தனர். 1972இல் ஜெனரல் ஐடியா தொடங்கிய 'ஃபைல்' இதழ், யார் யாருக்கு எவ்வகைப் படங்கள் தேவை என்னும் பட்டியல்களை முகவரிகளோடு அச்சிட்டது. 'லைஃப்' இதழின் நான்கு எழுத்துகளையே இடம் மாற்றி அமைத்த பெயர் 'ஃபைல்'.

1971 அக்டோபர் 1 அன்று ஒன்ராறியோ கலைக்கூடத்தில் முடிசூட்டு விழா நடைபெற்றது. பட்டம் பெற்றவர் 'மார்செல் டொட்' என்னும் பெயரில் கலந்துகொண்ட மைக்கேல் மொரிஸ். அழகியர் போட்டிகளை எள்ளல் செய்ததாகவே பலரும் இதனைக் கொள்வர். அது உண்மையே எனினும் போதாது. இங்கே நாயகி என்பது ஓர் ஆளின் பெயராக இல்லாமல் ஓர் இடத்தின் பெயராக நின்றது. கவுன் பயணம் செய்தது. அதனுள் எவர் புகுந்தாலும் அவர் நாயகி ஆகலாம். பெண்ணே இல்லாமல் நாயகியை உருவாக்கிய இவ்வேற்பாட்டில் பெண்களின் குரலுக்கு இருந்த இடம் மிகச் சிறியது என்பதையும் மறைப்பதற்கில்லை.

வெற்றிடமாக நிற்கும் நாயகி தமிழ் வாசகருக்குப் புதியவள் அல்லள். அகத்திணை மாந்தரின் இயற்பெயரைச் சுட்டலாகாது என்பது தொல்காப்பிய நெறி. தலைவிக்குப் பெயரின்மையாலேயே அவள் கூற்று எவர்க்கும் உரியதாகிறது. ஆனால் ஒப்புமை இவ்வளவில் நின்றுவிடும்; அகத்தலைவிக்குப் பெயர் இல்லையேனும் துயர் உண்டு. ரொறன்ரோவின் நாயகிக்கு அது இல்லை.

துயரும் கைவினை மடலும் ஒன்றுசேரும் இடம் சிலப்பதிகாரம். வேனிற்காதையில் மாதவி, மலர்கள் தொடுத்த மாலையின் நடுவே அமைந்த தாழை மடலில், பித்திகை அரும்பை எழுத்தாணியாக்கிச் செம்பஞ்சுக் குழம்பில் தோய்த்து எழுதுகிறாள். எழுதுபொருள், எழுதுகோல், மை ஆகிய மூன்றும் செய்தியின் பகுதிகளே. வசந்தமாலை அதனைக் கூலக் கடைத்தெருவில் கோவலனிடம் நீட்டுகிறாள். அவன் வாங்க மறுக்கிறான். அஞ்சற்கலையில் விடை வராத உறை ஒரு வேடிக்கை; இங்கோ கதையின் போக்கே அதனால் மாறுகிறது.

இரண்டாம் மடல் இன்னும் நுட்பமானது. புறஞ்சேரி இறுத்த காதையில் கோசிகன் கொணரும் ஓலையின் மண் இலச்சினையில் மாதவியின் கூந்தல் பதிந்துள்ளது. உடனுறைந்த காலத்து நெய்மணம் அதிலிருந்து எழ, எழுத்தைப் படிக்குமுன்பே கோவலன் அனுப்பியவளை அறிகிறான். படித்த பின், பிழை தன்னதே என்று உணர்ந்து, அவ்வோலையின் சொற்கள் தன் பெற்றோருக்குத் தான் எழுதத்தக்கனவாகவும் அமைந்திருத்தலைக் கண்டு, அதனையே அவர்களிடம் காட்டுமாறு கோசிகனிடம் கொடுக்கிறான். காதலியின் மடல் மகனின் மடலாகிறது. ஓர் எழுத்தும் மாறவில்லை, பெறுநர் மாறினர். வாங்கியதை மற்றொருவருக்குச் செலுத்துதல் என்னும் ஜோன்சனின் முறையை இவ்வோலைக்குப் பக்கத்தில் வைத்து நோக்கினால், அது நியூயோர்க்கில் பிறந்த புதுமை என்று சொல்லத் தயக்கம் ஏற்படும். உரையாசிரியர்கள் இவ்வோலையின் சொற்பொருளை விரிவாக ஆராய்ந்தனர். பின்வந்த ஆய்வுகளும் அவ்வழியிலேயே நின்று, அதன் மண்ணையும் மணத்தையும் நயமாகக் கண்டு கடந்தது மிகுதி.

இக்குறை ஏட்டளவில் நிற்பதில்லை. ஜெனரல் ஐடியா 1974இல் நிறுவிய 'ஆர்ட் மெட்ரோபோல்' அமைப்பின் திரட்டு, ஒட்டாவாவிலுள்ள கனடா தேசியக் கலைக்கூடத்தில் பேணப்படுகிறது. மொரிஸ்–டிராசோவ் ஆவணங்கள் பிரிட்டிஷ் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தின் பெல்கின் கலைக்கூடத்தில் உள்ளன. அத்தகைய திரட்டுகளில் உறை, முத்திரை, தபால்தலை யாவும் படைப்பின் உறுப்புகள். அதே ரொறன்ரோவிற்கு 1983க்குப் பின் ஈழத்திலிருந்து வந்து சேர்ந்த குடும்பங்களின் பெட்டிகளில் வேறொரு திரட்டு கிடக்கிறது: ஏரோகிராம் என்ற நீலநிற மடிதாள்கள். தாய்மாரும் சகோதரியரும் இடம் போதாமல் ஓரங்களில் சுற்றி எழுதியவை. ஊர் மாறிய பெறுநரைத் தேடி முகவரி அடித்துத் திருத்தப்பட்டவை. அவற்றை எழுதிய பெண்களை நாயகியர் என்று எவரும் முடிசூட்டவில்லை. வாசகத்தை மட்டும் தட்டச்சுச் செய்துகொண்டு தாளைக் கழித்துவிடும் சேகரிப்பில், மாதவியின் ஓலையிலிருந்து மண் இலச்சினை உதிர்ந்ததைப் போன்ற இழப்பு நேரும். நூலகப் பட்டியலில் அனுப்புநர், பெறுநர், நாள் என்னும் கட்டங்களுக்குப் பக்கத்தில், மடலைக் கைமாற்றியவருக்கும் முகவரியைத் திருத்தியவருக்கும் ஒரு கட்டம் வேண்டும்.