திரளாத கிருமி: தமிழகத்தில் காலரா இனங்காணலின் இரு கட்டங்கள்

நோய்க்கிருமிகள் கண்டறியப்பட்ட வரலாறு பெரும்பாலும் கண்டறிந்தோரின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. காலராவைப் பொறுத்தவரை, 1854இல் இத்தாலியின் பாச்சினி, 1884இல் கல்கத்தாவில் இராபர்ட் கோக் என அவ்வரலாறு தொடங்கும். மருத்துவமனை ஆய்வகத்தில் அன்றாடம் நிகழும் இனங்காணல் இதனின்று வேறுபட்டது. நோயாளியிடமிருந்து எடுத்த மாதிரியில் கிருமி உயிரோடு வந்து சேர்ந்ததா, வந்த கிருமியை அடையாளங்காட்டும் சீரம் ஆய்வகத்தில் உள்ளதா என்னும் இரு வினாக்களே அங்கு முதன்மையானவை. இவ்விரண்டிலும் தமிழகம் ஆற்றிய பங்கு பொது வரலாற்று நூல்களில் போதிய இடம் பெறவில்லை.

மக்கள் வழக்கில் இந்நோய் வாந்திபேதி எனவும் கக்கல் கழிச்சல் எனவும் வழங்கியது. இவை நோய்க்குறியால் அமைந்த பெயர்கள். ஆய்வகமோ கிருமியைக் கொண்டு பெயரிடுவது. இவ்வேறுபாடு பின்னர் 1992இல் பெரும் பொருளுடையதாயிற்று.

கடலுப்புக் கரைசல்

காலராக் கிருமியாகிய விப்ரியோ காரத்தன்மையில் செழித்து வளரும். அமிலத்தையும் உலர்வையும் தாங்காது. மலமாதிரியைப் புட்டியில் இட்டு வைத்தால், உடனிருக்கும் பிற குடற்கிருமிகள் பெருகி விப்ரியோவை மூழ்கடித்துவிடும். மாதிரி ஆய்வகத்தை அடையும்போது தேடும் கிருமி அதில் இராது. ‘காலரா இல்லை’ என்றே முடிவு எழுதப்படும். நோய் பரவிய ஊரில் அம்முடிவு எத்தகைய விளைவைத் தரும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

சென்னைக் கிண்டியில் உள்ள கிங் நிறுவனம் 1899இல் அம்மைப்பால் தயாரிப்பை முன்னிட்டுத் தோற்றம் பெற்றது. பின்னர் மாகாணத்தின் முதன்மை நுண்ணுயிரியல் ஆய்வகமாக வளர்ந்தது. மாகாணத்தின் பரப்பை நோக்கினால் இடர்ப்பாட்டின் அளவு விளங்கும். அன்று சேலம் மாவட்டத்தைச் சார்ந்திருந்த கொல்லிமலையை எடுத்துக்கொள்வோம். மலைமேல் உள்ள ஒரு சிற்றூரில் எடுக்கப்படும் மாதிரி முதலில் அடிவாரத்திற்கு இறங்க வேண்டும். அங்கிருந்து முந்நூறு கிலோமீட்டருக்கும் மேல் பயணப்பட்டே கிண்டியை எட்ட முடியும். இன்று காரவள்ளியிலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகளுடன் ஏறும் சாலையில் அவ்விறக்கம் சில மணிநேரப் பணி. அன்று அது நாட்கணக்கு.

இவ்விடைவெளிக்கு விடையாக வெங்கட்ராமன், இராமகிருஷ்ணன் என்னும் இருவரும் 1941இல் ஒரு காப்புக் கரைசலை வெளியிட்டனர். இன்றும் பாடநூல்களில் அது அவர்தம் பெயர்களின் முதலெழுத்துகளால் ‘வி.ஆர். திரவம்’ என வழங்குகிறது. அதன் உட்பொருள்கள் வியப்பூட்டும் எளிமை உடையவை: ஒரு லிட்டர் வடிநீரில் 20 கிராம் சுத்திகரிக்கப்படாத கடலுப்பு, 5 கிராம் பெப்டோன், காரத்தன்மை பி.எச். 8.6 முதல் 8.8 வரை. இக்கரைசலில் விப்ரியோ பெருகுவதில்லை, மடிவதும் இல்லை. பிற கிருமிகளின் பெருக்கமும் அடங்கியிருக்கும். பனிக்கட்டியின் துணையின்றியே மாதிரி பல நாட்கள் பயணத்தைத் தாங்கும். உவர்நீரில் வாழும் இயல்புடைய உயிரியை உவர்நீரிலேயே காத்த இவ்வுத்தி, கண்டுபிடிப்பு என்னும் சொல்லின் ஆரவாரத்தை வேண்டாதது. ஆயினும், தொலைவில் உள்ள ஊருக்கும் ஆய்வக முடிவில் இடமளித்தது இதுவே என்பது கட்டுரையாளரின் கருத்து.

திரளாத கிருமி

மாதிரி வந்து சேர்ந்தபின் நிகழ்வது படிமுறையான விலக்கல். காரப் பெப்டோன் நீரில் கிருமியைப் பெருக்குவர். டிசிபிஎஸ் அகார் தட்டில் மஞ்சள் நிறக் குடியிருப்புகளைத் தேடுவர். ஆக்சிடேசு சோதனை செய்வர். இறுதியாக, கண்ணாடித் தகட்டில் ஓ-1 எதிர்ச்சீரத்தின் துளியோடு கிருமியைக் கலப்பர். நுண்மணிகளாகத் திரண்டால் அது காலராக் கிருமி. திரளாவிடில் ‘திரளா விப்ரியோ’ என்னும் தொகுதியில் சேர்ப்பர். அத்தொகுதி ஆங்காங்கே சிலருக்கு வயிற்றுப்போக்கை உண்டாக்குமேயன்றிக் கொள்ளைநோயாகப் பரவாது என்பது நெடுங்காலம் நிலவிய கொள்கை. 1961இல் இந்தோனேசியாவில் தொடங்கிய ஏழாவது உலகப் பரவலுக்குக் காரணமான எல் டோர் வகையும் ஓ-1 தொகுதியைச் சார்ந்ததாதலால், அக்கொள்கைக்கு ஊறு நேரவில்லை.

1992 அக்டோபரில் சென்னையில் அது உடைந்தது. நோயாளிகளிடம் காலராவுக்குரிய கழிச்சலும் கடும் நீரிழப்பும் தெளிவாகக் காணப்பட்டன; தட்டில் விப்ரியோவும் வளர்ந்தது; எதிர்ச்சீரத்தில் மட்டும் அது திரளவில்லை. மதுரையிலும் வேலூரிலும் இதே நிலை. கல்கத்தாவிலும் பரவிய நோய் டிசம்பரில் தெற்கு வங்கதேசத்தை எட்டியது. அன்றைய வரையறைப்படி இது காலரா அன்று. வாந்திபேதி என்னும் பழம்பெயரோ இவ்விக்கலுக்கு ஆட்படாதது.

சீரத்தின் விடையை ஏற்று ‘காலரா இல்லை’ என எழுதிவிட்டிருப்பின், எச்சரிக்கை மேலும் பிந்தியிருக்கும். அவ்வாறு எழுதாமல், திரளாத கிருமிகளை எண்ணிப் பார்த்ததே அக்கால ஆய்வகங்களின் சிறப்பு. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள், ஓ-1 அல்லாத விப்ரியோ எல் டோரின் இடத்தைப் பிடித்துவருவதை 1993இல் லான்செட் இதழில் பதிவு செய்தனர். கல்கத்தா ஆய்வாளர்களும் புதிய வகை தென்னிந்தியாவிலும் கிழக்கிந்தியாவிலும் தோன்றியமையை அதே ஆண்டில் அவ்விதழில் எழுதினர். ஜப்பானில் ஷிமாடா குழுவினர், அதுவரை அறியப்பட்ட 138 ஓ-வகைச் சீரங்களோடும் இக்கிருமியைச் சோதித்தனர். எதனோடும் திரளாமையால் அது 139ஆம் எண்ணைப் பெற்றது.

‘ஓ-139 பெங்கால்’ என்னும் பெயர் வங்காள விரிகுடாக் கரையைக் குறிப்பதாக அமைந்தது. எனினும், படிப்போர் பலர் அதனை வங்க மாநிலத்தோடு பொருத்திக் கொள்கின்றனர். சென்னை பெயரளவிலும் மறைந்துவிடுகிறது.

பின்னர் நிகழ்ந்த மரபணு ஆய்வுகள் இக்கிருமி எல் டோரின் வழித்தோன்றலே எனக் காட்டின. நச்சை உண்டாக்கும் மரபணுக்கள் அப்படியே இருக்க, மேலுறையின் ஓ-எதிர்ப்பொருளை ஆக்கும் பகுதி மட்டும் மாறியிருந்தது. ஓ-1 வகையால் முன்பு பெற்ற எதிர்ப்பாற்றல் இதற்கு எதிராகப் பயன்படவில்லை. ஆகவேதான் காலரா நிலைகொண்ட பகுதிகளில் வழக்கமாகக் குழந்தைகளை மிகுதியாகத் தாக்கும் நோய், இம்முறை வளர்ந்தோரைப் பெருமளவில் வீழ்த்தியது. சீரம் கண்ட மாற்றத்தையே உடலின் எதிர்ப்பாற்றலும் கண்டது. சோதனை பொய்க்கவில்லை, அதன் விடைக்கு ஆய்வகம் கற்பித்த பொருளே பொய்த்தது.

உலக நலவாழ்வு நிறுவனத்தின் காலரா வரையறையில் ஓ-139 பின்னர் இடம்பெற்றது. 1994க்குள் எல் டோர் பல இடங்களில் மீண்டும் தலையெடுத்தது. ஓ-139 படிப்படியாக அரிதாயிற்று. ஆயினும், ஓ-1 சீரத்தில் திரளாத விப்ரியோவை ஓ-139 சீரத்தோடும் கலந்து பார்ப்பது இன்று ஆய்வக வழிமுறையாகிவிட்டது.