கட்டுச்சோறும் பிக்னிக்கும்

போன மாதம் எங்கள் ஓய்வூதியர் நண்பர்கள் சிலர், ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏற்காடு ஏரிக்கரையில் கூடிச் சாப்பிடலாம் என்று முடிவு செய்தார்கள். வீட்டுக்கு ஒரு பதார்த்தம் கொண்டுவர வேண்டும். வாட்ஸ்அப்பில் ‘பாட்லக்’ என்று போட்டிருந்தது.

“இது என்ன புதுசா? கூட்டாஞ்சோறுக்கு இங்கிலீஷ் பேரு, அவ்வளவுதானே” என்றாள் என் மனைவி.

பாதி சரி. கூட்டாஞ்சோறு என்றால் ஆளுக்குக் கொஞ்சம் அரிசி, பருப்பு, காய் கொண்டுவந்து ஒரே பானையில் போட்டு ஆக்குவது. வீட்டிலேயே சமைத்துக் கட்டி எடுத்துப் போவது கட்டுச்சோறு. இந்த வித்தியாசம் சின்னதல்ல. பிறகு வருகிறேன்.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். மத்திய அரசில் குமாஸ்தாவாகக் காலம் தள்ளிவிட்டு, ஓய்வுக்குப் பின் மாரமங்கலத்துக்கு வந்து சேர்ந்தேன். பிக்னிக் என்ற சொல்லை நான் முதலில் கேட்டது பிரெஞ்சில்தான். மரத்தடியில் ஜமுக்காளம் விரித்துச் சாப்பிடுவது என்றே வெகுநாள் நினைத்திருந்தேன். 17ஆம் நூற்றாண்டின் கடைசியில் அந்தச் சொல் பிரெஞ்சு அகராதியில் ஏறியபோது அதில் மரமும் இல்லை, புல்லும் இல்லை. அவரவர் பங்கை அவரவர் போட்டுச் சாப்பிடும் விருந்து, அவ்வளவே. ஆங்கிலேயரிடம் போன பிறகுதான் அது புல்தரைக்கு இறங்கியது.

நம் கட்டுச்சோறு அதற்கும் மூத்தது. 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பாடிய பெரிய புராணத்தில் இரண்டு இடங்களில் வருகிறது. திருப்பைஞ்ஞீலிக்கு நடந்து போன அப்பருக்கு வழியில் சிவனே பொதிசோற்றோடு காத்திருந்தார். திருக்குருகாவூருக்குப் போன சுந்தரருக்குப் பந்தல் போட்டுக் கட்டமுது கொடுத்தார். சாமியே சோறு கட்டிக்கொண்டு வருவதென்றால், அந்தக் காலத்தில் வழிப்பயணத்துக்குச் சோறு எவ்வளவு பெரிய கவலையாக இருந்திருக்க வேண்டும்!

எதைக் கட்டுவது என்பதை நாக்கு முடிவு செய்யவில்லை, வெயில்தான் முடிவு செய்தது. தேங்காய்ச் சாதம் சாயங்காலத்துக்குள் ஊசிவிடும். எலுமிச்சை கொஞ்சம் தாங்கும். புளியோதரைதான் ராஜா. புளியின் புளிப்பும் நல்லெண்ணெயும் சேர்ந்து காக்கும். புளிக்காய்ச்சலில் தண்ணீர் சுண்டி, எண்ணெய் பிரிந்து மேலே வர வேண்டும். சோறு நன்றாக ஆறிய பிறகே கலக்க வேண்டும். சூட்டோடு கலந்து மூடினால் போச்சு. தயிர்சாதத்துக்குப் பாலை நிறைய விட்டு, தயிரை ஒரு கரண்டியோடு நிறுத்தினால் மதியம் திறக்கும்போது பதமாக இருக்கும். அப்பர் காலத்துப் புளிச்சோற்றில் மிளகாய் இருந்திருக்காது. மிளகாய் போர்ச்சுகீசியரோடு வந்தது. அதற்கு முன் காரம் என்றால் மிளகுதான்; இந்தச் சேர்வராயன் மலைக் காப்பித் தோட்டங்களில் சில்வர் ஓக் மரத்தின் மேல் இன்றும் ஏறிக்கொண்டிருக்கிறதே, அதே மிளகு.

சேலம், கொங்குப் பக்கத்தில் கர்ப்பிணிப் பெண்ணுக்குத் தாய்வீட்டார் ஐந்து வகை, ஏழு வகைச் சாதம் கட்டி வருவதற்கே கட்டுச்சோறு என்று பெயர். ஆடி 18 அன்று காவிரிக்கரையில் சித்திரான்னம். இங்கே மலை உச்சிக் குகைக்கோயிலில் சேர்வராயனோடு இருப்பவளும் காவிரியம்மன்தான்.

இப்போது அந்த வித்தியாசத்துக்கு வருகிறேன். பச்சரிசியை யாரிடமும் வாங்கலாம். சோற்றை வாங்கக் கூடாது. இதுதான் அன்றைய சட்டம். நம் முன்னோர் அத்தனை வகையாகச் சோறு கட்டியதற்கு வெயில் ஒரு காரணம் என்றால், வழியில் இன்னொரு சாதிக்காரர் கையால் சாப்பிடக் கூடாது என்பது மற்றொரு காரணம். ரயில் நிலையச் சாப்பாட்டு அறையில்கூடப் பிராமணருக்குத் தனி இடம் இருந்த காலம் அது.

புதுச்சேரியில் பத்து வருஷம் தங்கியிருந்த வ.வே.சு. ஐயர், பிறகு சேரன்மாதேவியில் ஒரு குருகுலம் நடத்தினார். அங்கே இரண்டு பிராமணப் பிள்ளைகளுக்குத் தனியாகச் சாப்பாடு போட்டார்கள். பெற்றோருக்குக் கொடுத்த வாக்கு என்றார் ஐயர். பெரியாரும், ராசிபுரத்துக்காரரான வரதராஜுலு நாயுடுவும் விடவில்லை. விஷயம் காந்தி வரைக்கும் போயிற்று. 1925இல் தமிழ்நாட்டுக் காங்கிரசே இதனால் ஆட்டம் கண்டது. இரண்டு இலையில் தொடங்கிய சண்டை!

பிற்காலத்தில் அரசே ஆகஸ்ட் 15இல் கோயில்களில் சமபந்தி விருந்து வைத்தது. நல்ல காரியம்தான். ஆனால் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுவது ஒன்று. அடுத்தவர் வீட்டு அடுப்பில் வெந்ததைச் சாப்பிடுவது வேறு.

இதை நான் எழுதக் காரணம் உண்டு. எழுபதுகளில் நான் வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில், மேலாளர் ஒருவருக்குப் பிரிவு உபசார விருந்து. ஆளுக்கு ஒரு பதார்த்தம். நான் கொண்டுபோனது எலுமிச்சைச் சாதம். மலையிலிருந்து வந்த ஒரு கடைநிலை ஊழியர், மலையாளி இனத்தவர் (இவர்கள் கேரளத்து மலையாளிகள் அல்லர், சேர்வராயன் மலை மக்கள்), ஒரு தூக்குச்சட்டியோடு வந்தார். “நீ எதுக்குப்பா சிரமப்பட்டே? போய் வாழை இலை வாங்கிட்டு வா” என்றார் ஒரு பெரியவர், சிரித்துக்கொண்டே. தூக்கு ஜன்னல் ஓரம் போயிற்று. எல்லாரும் சாப்பிட்டோம், அவரும் கடைசியில் சாப்பிட்டார். தூக்கை யாரும் திறக்கவில்லை. சாயங்காலம் மூடியபடியே எடுத்துக்கொண்டு போனார்.

நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஒரு வார்த்தை சொல்லவில்லை. வேலைக்குப் புதுசு, ஊருக்குப் புதுசு என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அந்தத் தூக்கில் என்ன இருந்தது என்று இன்றுவரை தெரியாது.

ஏரிக்கரைக்கு வருவோம். அன்று வந்த பதார்த்தங்களில் முதலில் காலியானது, பக்கத்துக் கிராமத்து அம்மா ஒருவர் கொண்டுவந்த சாமைப் புளிச்சோறு. சாமையைக் குழைய விடாமல் வேக வைத்து, முறத்தில் பரப்பி ஆற வைத்துக் கலந்ததாகச் சொன்னார். காரத்துக்கு மிளகு. நான் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன். என் எலுமிச்சைச் சாதத்தில் பாதி அப்படியே திரும்பி வந்தது. ராத்திரி அதையேதான் நாங்கள் இருவரும் சாப்பிட்டோம்.