நாழிகைக் கணக்கரும் கர்னலும்

முல்லைப்பாட்டின் பாசறையில் இரவு முழுதும் விழித்திருப்போருள் நாழிகைக் கணக்கரும் உண்டு. நீர்வட்டிலைப் பார்த்து, கழிந்த பொழுதை மன்னனுக்கு அறிவிப்பது அவர்தம் பணி. கணினிக்குள்ளும் அத்தகைய கணக்கர் ஒருவரை நாம் காண்கிறோம்.

1981இல் வெளிவந்த ஐ.பி.எம். கணினியில் இன்டெல் 8253 என்னும் சில்லு அப்பணியைச் செய்தது. நொடிக்கு ஏறத்தாழ 18.2 முறை அது நுண்செயலியைத் தட்டியழைத்தது. இவ்வழைப்பையே குறுக்கீடு என்கிறோம். பல நிரல்களை ஒருசேர ஓட்டும் இயங்குதளங்களுக்கு இதுவே உயிர்நாடி. அழைப்பு வந்ததும் நுண்செயலி தன் வேலையை விட்ட இடத்தைக் குறித்துவைத்துவிட்டு, இயங்குதளத்தின் கருவான கர்னலிடம் பொறுப்பை ஒப்படைக்கும். கர்னல் துடிப்புக் கணக்கில் ஒன்றைக் கூட்டும். ஓடிக்கொண்டிருந்த நிரலின் பேரில் நேரத்தைப் பற்றெழுதும். அதன் பங்கு தீர்ந்திருந்தால் அடுத்த நிரலுக்கு வழிவிடும். இக்குறுக்கீடு இல்லையேல், முடிவின்றிச் சுழலும் ஒரு நிரல் நுண்செயலியைத் தனதாக்கிக்கொண்டு விடவே விடாது.

1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸில், இன்டெல் வகைக் கணினிகளுக்குத் துடிப்பு நொடிக்கு 100 என்று அமைந்தது. 2003இல் வந்த 2.6 பதிப்பு அதை 1000 ஆக்கியது. நேரம் நுணுகியது, ஆனால் வேலையற்று உறங்கும் நுண்செயலியும் நொடிக்கு ஆயிரம் முறை எழுப்பப்பட்டது. உறங்கவிடாத காவலனுக்குக் கூலியாக மின்கலம் கரைந்தது. 2005இல் இயல்புநிலை 250 ஆகக் குறைக்கப்பட்டது. 2007இல் 2.6.21 பதிப்பில், தாமஸ் க்ளீக்ஸ்னர், இங்கோ மோல்னார் ஆகியோரின் உழைப்பால் வேறொரு முறை வந்தது. வேலை இல்லாதபோது சீரான துடிப்பே நிறுத்தப்படும். அடுத்த வேலை எப்போது என்று கணித்து, அந்நேரத்திற்கு மட்டும் கடிகாரம் முடுக்கிவைக்கப்படும்.

இது நம் ஊர்க்கதையும் ஆகும். 2011இல் தமிழக அரசு மாணவர்க்கு விலையில்லா மடிக்கணினி வழங்கத் தொடங்கியபோது, அவற்றில் விண்டோஸுடன் சி-டாக் நிறுவனத்தின் பாஸ் லினக்ஸும் இருந்தது. சத்தியமங்கலத்தின் அரசுப் பள்ளிகளும் அத்திட்டத்துள் அடங்கியவையே. அடுத்த ஆண்டு, 2012இல், கொங்கு நாட்டை நெடுநேர மின்வெட்டு வாட்டியது. மின்சாரம் போன வீட்டில் மின்கலமே மாணவரின் நாழிகைவட்டில். அது வற்றும்வரைதான் படிப்பு. திரை விழுங்கும் மின்சாரத்தின் முன் கர்னலின் சேமிப்பு சிறிதே. ஆயினும் ஒவ்வொரு விசையழுத்தத்திற்கும் அடுத்ததற்கும் இடையே, மாணவர் யோசிக்கும் அந்தச் சிறுபொழுதில் நுண்செயலியை உறங்கவிடுவதும் நல்ல கணக்கரின் பணியே.