பிழைத்த குழந்தைகள் எழுப்பிய கேள்விகள்

கண்ணுக்குள் தோன்றும் கட்டிகளுள் பெரும்பாலும் குழந்தைகளையே தாக்குவது ரெட்டினோபிளாஸ்டோமா எனப்படும் விழித்திரைப் புற்று. விழித்திரை என்பது கண்ணின் பின்சுவரில் ஒளியை உணரும் மெல்லிய நரம்புப் படலம். அதன் முதிராத உயிரணுக்கள், பெரும்பாலும் ஐந்து வயதுக்குள், கட்டுக்கடங்காமல் பெருகும்போது இக்கட்டி உருவாகிறது. ஏறத்தாழ 15,000 முதல் 20,000 பிறப்புகளுக்கு ஒன்று என்ற அளவிலேயே காணப்படும் இந்த அரிய நோய், புற்றுநோய் என்பது எப்படித் தொடங்குகிறது என்ற பெரிய கேள்விக்கு முதல் தெளிவான விடையைத் தந்தது. உடலின் உள்ளே வளரும் கட்டியை வெட்டித் திறக்காமல் நேரே பார்க்க முடியும் இடங்களுள் கண்ணும் ஒன்று என்பது அதற்கு ஒரு காரணம். ஆனால் அதைவிட முக்கியமான காரணம், இந்நோயிலிருந்து மீண்ட குழந்தைகள் வளர்ந்து பெரியவர்களாகி, தங்கள் வாழ்நாளின் வழியே மருத்துவம் எதிர்பாராத புதிய உண்மைகளை வெளிப்படுத்தினர் என்பதாகும்.

நெதர்லாந்தின் உடற்கூற்றியலாளர் பீட்டர் பாவ், 1597ஆம் ஆண்டில் மூன்று வயதுக் குழந்தை ஒன்றின் இடக்கண்ணில் வளர்ந்திருந்த பெரும் கட்டியைப் பற்றி எழுதிய குறிப்பே இந்நோய் பற்றிய மிகப் பழைய பதிவாகக் கருதப்படுகிறது. மூளைப் பொருளை ஒத்த ஒன்று, தடித்த குருதியும் நொறுங்கிய கல்லைப் போன்ற துகள்களும் கலந்து அக்கட்டியினுள் இருந்ததாக அவர் விவரித்தார். கட்டிக்குள் சுண்ணாம்புச் சத்து படிவது இந்நோய்க்கே உரிய அடையாளமாக இன்றும் ஸ்கேன் படங்களில் தேடப்படுவதால், பாவின் கண்கள் கூர்மையானவை என்பதில் ஐயமில்லை. எனினும் ஒரு தனி நோயாக இதைப் பிரித்துக் காட்டியவர் ஸ்காட்லாந்தின் அறுவை மருத்துவர் ஜேம்ஸ் வார்ட்ராப் ஆவார். மென்மையான, குருதி வடியும் கட்டிகள் அனைத்தையும் ஒரே பெயரால் குறித்துவந்த காலத்தில், இறந்த குழந்தைகளின் கண்களைப் பொறுமையாக அறுத்துப் பார்த்து, இக்கட்டி விழித்திரையில்தான் தொடங்குகிறது என்றும், பார்வை நரம்பின் வழியே மூளையை அடைகிறது என்றும் 1809இல் வெளியிட்ட நூலில் அவர் நிறுவினார். நோய் கண்ணுக்குள் அடங்கியிருக்கும்போதே விழியை முழுவதுமாக அகற்றிவிட்டால் உயிரைக் காக்கலாம் என்றும் பரிந்துரைத்தார். மயக்க மருந்து இல்லாத அந்நாளில் ஒரு சிறு குழந்தையின் விழியை அகற்றுவது என்பது பெற்றோரும் மருத்துவரும் ஒருசேர அஞ்சிய செயலாக இருந்ததால், அவருடைய பரிந்துரை சரியானதாக இருந்தும் நெடுங்காலம் நடைமுறைக்கு வரவில்லை.

அதற்கான வழி பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் திறந்தது. ஈதர் 1846இலும் குளோரோஃபார்ம் 1847இலும் அறுவைக்கூடத்துக்குள் வந்தன. 1851இல் ஜெர்மனியின் ஹெர்மன் ஃபான் ஹெல்ம்ஹோல்ட்ஸ் வெளியிட்ட விழிநோக்கி, அதாவது ஒளியைக் கண்ணுக்குள் செலுத்தி விழித்திரையைப் பார்க்க உதவும் கருவி, கட்டியைச் சிறிய அளவிலேயே கண்டறிய வழிசெய்தது. பெர்லினில் பணியாற்றிய ஆல்பிரெக்ட் ஃபான் கிரேஃபே, விழியை அகற்றும்போது பார்வை நரம்பையும் இயன்றவரை நீளமாக வெட்டி எடுக்கவேண்டும் என்று வலியுறுத்தினார். நரம்பின் வெட்டுமுனையில் புற்று எஞ்சியிருந்தால் குழந்தை பிழைக்காது என்பதே அதன் காரணம், அந்த விதி இன்றளவும் மாறவில்லை. இம்மூன்றும் சேர்ந்து விளைவித்த மாற்றத்தை எண்களே காட்டும்: 1869இல் யூலியஸ் ஹிர்ஷ்பெர்க் தந்த கணக்கில் பிழைத்தவர்கள் நூற்றுக்கு 5 பேர், 1897இல் வின்டர்ஸ்டைனர் கணக்கில் 17, 1916இல் லேபர் கணக்கில் 57. புற்றை அழிக்கும் புதிய மருந்து எதுவும் இல்லாமல், முன்னதாகக் கண்டறிந்து முழுமையாக அகற்றியதால் மட்டுமே கிடைத்த உயர்வு இது. கட்டி எவ்வகை உயிரணுவிலிருந்து பிறக்கிறது என்று ஃபிர்கோ, ஃப்ளெக்ஸ்னர், வின்டர்ஸ்டைனர் முதலியோர் நடத்திய நீண்ட விவாதம், பாஸ்டனின் வெர்ஹோஃப் முன்மொழிந்த இன்றைய பெயரை அமெரிக்கக் கண்மருத்துவச் சங்கம் 1926இல் ஏற்றதோடு ஓரளவு அடங்கியது.

பிழைத்தவர்கள் எழுப்பிய முதல் கேள்வி பிரேசிலிலிருந்து வந்தது. ரியோ டி ஜெனிரோவின் கண்மருத்துவர் இலாரியோ டி கூவேயா 1872இல் ஒரு சிறுவனின் நோயுற்ற கண்ணை அகற்றினார். அச்சிறுவன் பிழைத்து வளர்ந்து மணம் புரிந்துகொண்டான். அவனுக்குப் பிறந்த குழந்தைகளுள் இரு பெண்களுக்கு இரண்டு கண்களிலும் அதே கட்டி தோன்றியது. தந்தையின் குடும்பத்திலோ தாயின் குடும்பத்திலோ அதற்கு முன் இந்நோய் இருந்ததில்லை. புற்றுநோய் பெற்றோர் வழியே பிள்ளைக்கு இறங்கக்கூடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று அதுவரை கிடைத்திருக்கவில்லை. நோயுற்ற குழந்தைகள் அனைவரும் இறந்துகொண்டிருந்த காலத்தில் இந்த மரபுத் தொடர்பு எவர் கண்ணிலும் பட்டிருக்க முடியாது.

இரு கண்களும் பாதிக்கப்பட்ட குழந்தைகளின் நிலைதான் மருத்துவர்களை அதிகம் வாட்டியது. ஒரு கண்ணை அகற்றிய பின் மற்றொன்றையும் அகற்றினால் முழுக் குருடு, விட்டுவைத்தால் சாவு. 1903இல் அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் ஹில்கார்ட்னர் என்பவர் எக்ஸ் கதிர்களைக் கொண்டு கட்டியைச் சுருக்க முயன்றது முதல், எஞ்சிய கண்ணைக் காக்கும் முயற்சி தொடங்கியது. நியூயார்க்கில் ஆல்ஜெர்னான் ரீஸ் அதை முறையான சிகிச்சையாக வளர்த்தார். லண்டனில் ஃபாஸ்டர் மூர் கதிரியக்க ரேடான் அடைத்த சிறு குழல்களைக் கட்டியிலேயே பதித்தார். அவர் வழியில் வந்த ஹென்றி ஸ்டாலர்ட், கதிரியக்கக் கோபால்ட் பதித்த சிறு வளைதகடுகளை விழியின் வெளிச்சுவரில் தைத்துச் சில நாள்கள் விட்டுவைக்கும் முறையை உருவாக்கினார். இந்த ஸ்டாலர்ட் 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் 1500 மீட்டர் ஓட்டத்தில் வெண்கலம் வென்ற அதே ஸ்டாலர்ட்தான் என்பது கண்மருத்துவ வரலாற்றில் அடிக்கடி மறக்கப்படும் செய்தி.

கதிர்சிகிச்சை பல கண்களைக் காத்தது என்பது உண்மை. அதன் விலை தெரியவர இருபது முப்பது ஆண்டுகள் ஆயின. மரபுவழி நோயுடன் பிறந்து கதிர்சிகிச்சை பெற்ற குழந்தைகள் பதின்பருவத்தையும் இளமையையும் எட்டியபோது, கதிர் பட்ட கண்குழி எலும்பிலும் முகத்தின் தசைகளிலும் புதிய புற்றுகள் தோன்றின. கதிரே படாத கால் எலும்புகளிலும் சிலருக்கு எலும்புப் புற்று வந்ததால், குற்றம் முழுவதையும் கதிரின் மேல் சுமத்த இயலவில்லை; அக்குழந்தைகளின் உடல் முழுவதிலும் ஏதோ ஒன்று குறைவுபட்டிருந்தது, கதிர் அக்குறையைத் தூண்டியது. இதுவே பிழைத்தவர்கள் எழுப்பிய இரண்டாம் கேள்வி.

அதற்கு விடையளித்தவர் ஆய்வகத்தில் நுண்ணோக்கியோடு அமர்ந்தவர் அல்லர் என்பது இவ்வரலாற்றின் சுவையான பகுதி. அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் எம்.டி. ஆண்டர்சன் மருத்துவமனையின் குழந்தை மருத்துவரும் மரபியலாளருமான ஆல்ஃபிரெட் நட்சன், அங்கே சிகிச்சை பெற்ற 48 குழந்தைகளின் கோப்புகளை மட்டும் எடுத்துக்கொண்டு, எந்த வயதில் எத்தனை பேருக்கு நோய் கண்டறியப்பட்டது என்று கணக்கிட்டார். இரு கண்களிலும் கட்டி உள்ளவர்களுக்கு நோய் மிக இளவயதில் வந்தது. இன்னும் நோய் கண்டறியப்படாதவர்களின் விகிதத்தை மடக்கை அளவில் வரைந்தால் அது நேர்கோடாகக் குறைந்தது, அதாவது ஒரே ஒரு தற்செயல் நிகழ்வு போதுமானதாக இருந்தது. ஒரு கண்ணில் மட்டும் கட்டி உள்ளவர்களின் கோடோ தொடக்கத்தில் தயங்கிப் பின்னர் வளைந்து இறங்கியது. அது இரண்டு நிகழ்வுகள் தேவைப்படும்போது தோன்றும் வடிவம். 1971இல் நட்சன் வெளியிட்ட முடிவு இதுதான்: புற்று தோன்ற இரண்டு மரபு மாற்றங்கள் வேண்டும்; மரபுவழி நோயில் முதலாவது மாற்றம் பிறப்பிலேயே உடலின் ஒவ்வோர் உயிரணுவிலும் இருக்கிறது, இரண்டாவது பின்னர் விழித்திரையின் ஏதோ ஓர் உயிரணுவில் நேர்கிறது; மரபுவழி அல்லாத நோயில் இரண்டும் ஒரே உயிரணுவில் பின்னாளில் நேரவேண்டும், ஆகையால் அது தாமதமாகவும் ஒரே கட்டியாகவும் வருகிறது. ‘இரு அடிக் கோட்பாடு’ என்று அறியப்படும் இதன் எளிமை சிலருக்கு ஐயத்தைத் தந்ததில் வியப்பில்லை; 48 கோப்புகளிலிருந்து இத்தனை பெரிய முடிவுக்கு வருவது துணிச்சல்தான்.

நட்சன் சொல்லாமல் விட்டது, அந்த இரண்டு அடிகளும் எதன்மீது விழுகின்றன என்பது. நோயுற்ற சில குழந்தைகளுக்கு 13ஆம் குரோமோசோமின் ஒரு துண்டு இல்லாதிருப்பது ஏற்கெனவே கவனிக்கப்பட்டிருந்தது. 1983இல் கேவனியும் அவருடைய கூட்டாளிகளும், அந்தக் குரோமோசோமின் இரண்டு படிகளுள் நல்ல படியே கட்டிக்குள் தொலைந்துபோகிறது என்று காட்டினர். பாஸ்டனில் கண்மருத்துவர் தாடியஸ் ட்ரைஜா அப்பகுதியின் டிஎன்ஏ துண்டுகளை ஒவ்வொன்றாகத் தேடிக்கொண்டிருந்தார். ராபர்ட் வைன்பெர்க்கின் ஆய்வகத்தைச் சேர்ந்த ஸ்டீஃபன் ஃப்ரெண்ட் அவருடன் இணைய, 1986இல் ஆர்பி1 என்னும் மரபணு பிரித்தெடுக்கப்பட்டது. அதுவரை அறியப்பட்ட புற்று மரபணுக்கள் யாவும் மிகையாக இயங்கிப் புற்றை உண்டாக்குபவை. இதுவோ வண்டியின் பிரேக்கைப் போல உயிரணுப் பிளவை நிறுத்திவைப்பது, இரண்டு படிகளும் பழுதானால் மட்டுமே கேடு விளைவிப்பது. இவ்வாறு புற்றை அடக்கும் மரபணுக்களுள் முதலில் பிரித்தெடுக்கப்பட்டது இதுவே. எலும்புப் புற்று ஏன் வந்தது என்பதற்கும் இதுவே விடையாயிற்று, ஏனெனில் அக்குழந்தைகளின் எலும்பு உயிரணுக்களிலும் ஒரு படி பிறவியிலேயே பழுதாக இருந்தது. கருப்பைவாய்ப் புற்றை உண்டாக்கும் பாப்பிலோமா வைரஸ் இதே மரபணு தரும் புரதத்தைப் பற்றிக்கொண்டு செயலிழக்கச் செய்கிறது என்றும், நுரையீரல் புற்றின் ஒருவகையில் இம்மரபணு ஏறத்தாழ எப்போதும் இழக்கப்பட்டிருக்கிறது என்றும் அடுத்த சில ஆண்டுகளில் தெரிந்தது.

சிகிச்சையும் இந்த அறிவால் திசை மாறியது. 1990களில் வெளிக்கதிர்ச் சிகிச்சையை இயன்றவரை தவிர்த்து, கார்போபிளாட்டின், வின்கிரிஸ்டின், எட்டோபோசைட் ஆகிய மருந்துகளால் கட்டியைச் சுருக்கிய பின் லேசர் ஒளியாலோ உறைகுளிராலோ அழிக்கும் முறை பரவியது. ஜப்பானில் கனெக்கோ தொடங்கிய வழியைப் பின்பற்றி, 2006 முதல் நியூயார்க்கில் தொடைத் தமனியின் வழியே மெல்லிய குழாயைச் செலுத்தி, கண்ணுக்குச் செல்லும் தமனியிலேயே மெல்ஃபலான் மருந்தைச் செலுத்தினர். வளம் மிக்க நாடுகளில் இன்று நூற்றுக்கு 95 பேருக்கு மேல் பிழைக்கின்றனர்.

இந்தியாவில் நிலை வேறு. குழந்தைகளின் எண்ணிக்கை காரணமாக உலகிலேயே மிக அதிக நோயாளிகள் உள்ள நாடுகளுள் ஒன்றான இங்கே, பாவையில் தெரியும் வெண்ணிறப் பளபளப்பையோ மாறுகண்ணையோ ‘வளர்ந்தால் சரியாகிவிடும்’ என்று விட்டுவிடுவதாலும், கண்ணை அகற்ற மனம் ஒப்பாததாலும், கட்டி விழியைத் துளைத்து வெளியேறிய பின்னர் வரும் குழந்தைகள் இன்னும் இருக்கின்றனர். 1819இல் தொடங்கப்பட்டு, உலகின் மிகப் பழைய கண்மருத்துவமனைகளுள் ஒன்றாக எழும்பூரில் நிற்கும் அரசுக் கண்மருத்துவமனை அமைந்த மாநிலத்திலும் இதுவே உண்மை. சென்னையின் சங்கர நேத்ராலயாவிலும் மதுரையின் அரவிந்த் கண் மருத்துவமனையிலும் இந்நோயின் மரபணு ஆராய்ச்சி நடைபெற்றுவருகிறது. ஒரு குழந்தையின் பழுது எங்கே உள்ளது என்று கண்டுகொண்டால், அதன் தம்பி தங்கைகளின் குருதியில் அதே பழுது உண்டா என்று பார்த்துவிடலாம். இல்லை என்று தெரிந்த குழந்தைக்கு, சில மாதங்களுக்கு ஒருமுறை மயக்க மருந்து கொடுத்துக் கண்ணைப் பார்க்கும் தொல்லை இல்லை. பெற்றோரின் குருதியில் பழுது காணப்படாவிட்டாலும், அவர்களுள் ஒருவரின் விந்தணுவிலோ கருமுட்டையிலோ மட்டும் அது இருக்கக்கூடும் என்பதால், தம்பி தங்கைகளையும் சோதிக்கவேண்டும் என்றே மருத்துவர்கள் வலியுறுத்துகின்றனர்.