தாயும் பிள்ளையும் ஒரே களத்தில்: பெரிய கிளப்புகளின் இரண்டாம் அணிகள்

1980ஆம் ஆண்டு ஜூன் 4. மாட்ரிட் நகரின் சான்டியாகோ பெர்னபெயு மைதானத்தில் ஸ்பெயின் அரசர் கோப்பையின் இறுதி ஆட்டம். ஒரு பக்கம் ரியல் மாட்ரிட். எதிரே காஸ்டில்லா. இதில் வேடிக்கை என்னவென்றால் காஸ்டில்லாவும் ரியல் மாட்ரிட்டுக்குச் சொந்தமான அணிதான். முதல் அணியில் இன்னும் இடம் கிடைக்காத இளைஞர்கள் ஆடும் ரிசர்வ் அணி. யார் ஜெயித்தாலும் கோப்பை ஒரே வீட்டுக்குத்தான் போகும்!

ஆட்டம் 6-1 என்று முடிந்தது. தாய் அணிக்கே வெற்றி. ஆனால் அந்தப் பையன்களைச் சும்மா சொல்லக் கூடாது. இரண்டாம் பிரிவில் ஆடிக்கொண்டிருந்த காஸ்டில்லா, இறுதி ஆட்டத்துக்கு வரும் வழியில் ஹெர்குலிஸ், அத்லெடிக் பில்பாவோ, ரியல் சொசியடாட், ஸ்போர்ட்டிங் கிஹோன் ஆகிய நான்கு முதல் பிரிவு அணிகளை வெளியேற்றியிருந்தது. சொசியடாட் அந்த ஆண்டு லீகில் இரண்டாம் இடம், கிஹோன் மூன்றாம் இடம்.

கதை அதோடு முடியவில்லை. லீக் பட்டமும் ரியல் மாட்ரிட்டுக்கே போனதால் அது ஐரோப்பிய சாம்பியன் கோப்பைக்குச் சென்றது. கோப்பை வென்ற அணிகளுக்கான ஐரோப்பியப் போட்டியில் ஸ்பெயினின் இடம், இரண்டாவதாக வந்த காஸ்டில்லாவுக்குக் கிடைத்தது. அங்கே முதல் சுற்றில் லண்டனின் வெஸ்ட் ஹாம் அணியை மாட்ரிட்டில் 3-1 என்று வென்றார்கள். அந்த ஆட்டத்தில் ரசிகர்கள் செய்த கலாட்டாவால் லண்டனில் நடந்த மறு ஆட்டத்துக்கு ரசிகர்களை உள்ளே விடவில்லை. காலி மைதானத்தில், கூடுதல் நேரத்தில், வெஸ்ட் ஹாம் 5-1 என்று வென்றது.

கேட்க இனிமையான கதைதான். ஆனால் இதன் அடியில் ஒரு சங்கடமான கேள்வி இருக்கிறது. ஒரே கிளப்பின் இரண்டு அணிகள், மற்றவர்கள் பிழைப்புக்காக ஆடும் போட்டியில் ஒன்றாக ஆடலாமா? பெரிய கிளப்புகள் தங்கள் ரிசர்வ் அணிகளைக் கீழ்நிலை லீகுகளில் இறக்குவது சரியா?

ஒவ்வொரு சம்பவத்துக்கும் ஒரு வேலி

ஸ்பெயினில் ரிசர்வ் அணிகள் பல ஆண்டுகளாக லீக் அமைப்புக்குள்ளேயே ஆடி வருகின்றன. அடிப்படை விதி எளிது: ரிசர்வ் அணி தாய் அணிக்கு ஒரு பிரிவாவது கீழே இருக்க வேண்டும். இந்த விதி எவ்வளவு கடுமையானது என்பது 1983-84 பருவத்தில் தெரிந்தது. அந்த ஆண்டு இரண்டாம் பிரிவில் முதலிடம் காஸ்டில்லாவுக்கு. இரண்டாம் இடம் பில்பாவோவின் ரிசர்வ் அணிக்கு. முதல் இரண்டு இடங்களையும் பிடித்தவர்கள் மேலே போக முடியாது! அவர்களுக்குப் பின்னால் வந்த ஹெர்குலிஸ், ரேசிங் சான்டன்டர், எல்சே ஆகிய மூன்று கிளப்புகள் முதல் பிரிவுக்கு உயர்ந்தன.

கோப்பைப் போட்டியில் வேலி போட இன்னும் சில ஆண்டுகள் ஆயின. 1990-91 பருவம் முதல் ரிசர்வ் அணிகள் அரசர் கோப்பையில் ஆடுவது நிறுத்தப்பட்டது. ஒரே கிளப் இரண்டு பக்கமும் நின்ற அந்த இறுதி ஆட்டம் இனி ஒருபோதும் நடக்காது.

இதே விதி திரும்பிக் கடித்த கதையும் உண்டு. 2012இல் வில்லாரியல் கிளப் முதல் பிரிவிலிருந்து இறங்கியது. அதன் ரிசர்வ் அணியான வில்லாரியல் பி, இரண்டாம் பிரிவில் தப்பிப் பிழைக்கும் அளவுக்குப் புள்ளிகள் எடுத்திருந்தது. என்ன பயன்? தாய் அணி இரண்டாம் பிரிவுக்கு வந்ததால் பிள்ளை அணி மூன்றாம் நிலைக்குத் தள்ளப்பட்டது. அந்த வீரர்கள் செய்த தவறு ஒன்றுமில்லை. அண்ணன்கள் தோற்றதற்குத் தம்பிகளுக்குத் தண்டனை.

ஜெர்மனியிலும் கிட்டத்தட்ட இதே பாடம். 1993இல் ஹெர்தா பெர்லின் கிளப்பின் அமெச்சூர் அணி, நடப்புச் சாம்பியன் ஹனோவரையும் முதல் பிரிவு நூரம்பர்க்கையும் வீழ்த்தி ஜெர்மன் கோப்பை இறுதிக்கே வந்துவிட்டது. லெவர்குசன் அணிக்காக உல்ஃப் கிர்ஸ்டன் அடித்த ஒரே கோலில் தோற்றது. 2008-09 முதல் அங்கேயும் ரிசர்வ் அணிகளுக்குக் கோப்பையில் இடமில்லை. லீகிலும் மூன்றாம் பிரிவுதான் உச்சவரம்பு. 2019-20 பருவத்தில் பயர்ன் மியூனிக்கின் இரண்டாம் அணி மூன்றாம் பிரிவில் பட்டமே வென்றது. ஆனால் மேலே போனவர்கள் வுர்ஸ்பர்க்கும் பிரவுன்ஷ்வைக்கும். அடுத்த ஆண்டே பயர்ன் இரண்டாம் அணி கீழே இறங்கிவிட்டது. அதாவது, வென்றால் உயர்வு இல்லை, தோற்றால் மட்டும் இறக்கம் உண்டு.

லாபம் யாருக்கு?

இவ்வளவு சிக்கல் இருந்தும் ஏன் இந்த முறையை விடவில்லை? காரணம், பலன் கண்ணுக்குத் தெரிகிறது. 1984இல் பட்டம் வென்ற அந்தக் காஸ்டில்லாவிலிருந்துதான் புட்ரகேன்யோ, மிச்செல், சான்சிஸ், மார்ட்டின் வாஸ்கெஸ் ஆகியோர் வந்தார்கள். 1986 முதல் 1990 வரை தொடர்ந்து ஐந்து லீக் பட்டங்களை ரியல் மாட்ரிட் வென்றபோது அணியின் முதுகெலும்பு அவர்கள்தான்.

2007-08இல் பார்சிலோனாவின் ரிசர்வ் அணி நான்காம் நிலையில் கிடந்தது. பயிற்சியாளர் குவார்டியோலா. அணியில் புஸ்கெட்ஸ், பெட்ரோ என்ற இரண்டு இளைஞர்கள். சின்ன ஊர்களின் மைதானங்களில், வயதிலும் உடல்பலத்திலும் பெரியவர்களோடு மோதிக் கற்றுக்கொண்டார்கள். 2010 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் ஸ்பெயினுக்காக இருவரும் தொடக்கத்திலிருந்தே களத்தில் இருந்தார்கள். அதே உலகக் கோப்பையில் அதிக கோல் அடித்ததற்கான தங்கக் காலணி பெற்ற தாமஸ் முல்லர், 2008-09இல் பயர்ன் இரண்டாம் அணிக்காக ஜெர்மனியின் மூன்றாம் பிரிவில் ஆடியவர். 18 வயதுப் பையன்கள் தங்களுக்குள்ளேயே ஆடிக்கொண்டிருந்தால் இந்தப் பக்குவம் வராது என்ற வாதத்தை எளிதில் ஒதுக்க முடியாது.

ஆனால் இந்த லாபம் முழுவதும் தாய் கிளப்பின் கணக்கில்தான் வரவாகிறது. செலவு யார் கணக்கில்?

வணிகவியல் மாணவர்களுக்கு இது புரிந்த விஷயம்தான். ஒரு பெரிய நிறுவனம் தன் துணை நிறுவனத்தைச் சின்ன ஊர்ச் சந்தையில் இறக்குகிறது. அது லாபம் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை; ஆட்களுக்குப் பயிற்சி கிடைத்தால் போதும். பக்கத்துக் கடைக்காரருக்கோ அன்றைய வியாபாரம்தான் வாழ்க்கை. சின்ன கிளப்புக்கு டிக்கெட் வசூல் முக்கியம். எதிரணி ரசிகர்கள் பேருந்து பிடித்து வந்தால் நாலு காசு பார்க்கலாம். ரிசர்வ் அணியோடு கூடவே பயணம் செய்யும் ரசிகர்கள் எத்தனை பேர்? இன்னொன்று, இந்த வாரம் நன்றாக ஆடும் வீரரை அடுத்த வாரம் முதல் அணி அழைத்துக்கொள்ளலாம். அப்படியானால் ஒரு கிளப் சந்திக்கும் எதிரணியும் இன்னொரு கிளப் சந்திக்கும் எதிரணியும் ஒன்றல்ல. புள்ளிப் பட்டியலின் நியாயமே இதில் அடிபடுகிறது.

இங்கிலாந்து ஏன் மறுத்தது?

இங்கிலாந்தில் ரிசர்வ் அணிகளுக்கென்றே தனி லீகுகள் இருந்தன. 1911இல் தொடங்கிய சென்ட்ரல் லீக் அதற்கு உதாரணம். 2014 மே மாதத்தில் கால்பந்து சங்கத் தலைவர் கிரெக் டைக் அமைத்த குழு ஒரு யோசனையை முன்வைத்தது. லீக் டூவுக்கும் கான்ஃபரன்ஸ் பிரிவுக்கும் நடுவே லீக் த்ரீ என்று புதிதாக ஒன்றை உருவாக்கி, அதில் பிரீமியர் லீக் கிளப்புகளின் பி அணிகளைச் சேர்க்கலாம் என்றது. தேசிய அணிக்கு நல்ல இளைஞர்கள் கிடைப்பார்கள் என்பது நோக்கம். கீழ்ப்பிரிவு கிளப்புகளும் ரசிகர்களும் கொதித்துப் போனார்கள். யோசனை அந்த ஆண்டே கைவிடப்பட்டது.

2016இல் அதுவே சின்ன அளவில் திரும்பி வந்தது. லீக் ஒன், லீக் டூ கிளப்புகள் மட்டும் ஆடும் இ.எஃப்.எல். டிராஃபியில் 16 பெரிய அகாடமி அணிகளைச் சேர்த்தார்கள். ரசிகர்கள் புறக்கணிப்பு இயக்கம் நடத்தினார்கள். பல ஆட்டங்களில் இருக்கைகள் காலியாகக் கிடந்தன. இதில் இன்னொரு வேடிக்கை, மான்செஸ்டர் யுனைடெட், லிவர்பூல், ஆர்சனல் போன்ற கிளப்புகளே முதல் ஆண்டு அழைப்பை ஏற்கவில்லை. யாருடைய நன்மைக்காக மாற்றம் செய்யப்பட்டதோ அவர்களுக்கே அது அவ்வளவு முக்கியமாகப் படவில்லை!

ஸ்பெயினில் ஓடுவது இங்கிலாந்தில் ஏன் ஓடவில்லை? ஸ்பெயினில் ரிசர்வ் அணிகள் லீகோடு சேர்ந்தே வளர்ந்தவை. காஸ்டில்லாவே பிளஸ் அல்ட்ரா என்ற தனி கிளப்பாகத் தொடங்கி, பிறகு ரியல் மாட்ரிட்டோடு இணைந்து, 1972இல் காஸ்டில்லா என்ற பெயரைப் பெற்றது. இங்கிலாந்திலோ நான்காம், ஐந்தாம் நிலையில்கூட நூறு வருடம் கடந்த ஊர் கிளப்புகள் நிற்கின்றன. அங்கே பி அணியை நுழைப்பது காலி நாற்காலியில் உட்காருவது அல்ல. உட்கார்ந்திருப்பவரை எழுப்பிவிட்டு உட்காருவது.

"தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு" என்பார்கள். ரிசர்வ் அணிகள் விஷயத்தில் சிக்கல் அங்கேதான். இங்கே வயிறு ஒன்றுதான். அதனால்தான் பிரிவு வரம்பு, கோப்பைத் தடை, வயது வரம்பு என்று இத்தனை வேலிகள் தேவைப்படுகின்றன. ஏற்கனவே அப்படி ஆடும் நாடுகள் அந்த வேலிகளோடு தொடரட்டும். ஆனால் புதிதாகத் தொடங்க நினைக்கும் நாடுகள் 1984இன் புள்ளிப் பட்டியலை ஒரு முறை எடுத்துப் பார்ப்பது நல்லது. மேலே ஏற முடியாத இரண்டு அணிகள் முதல் இரண்டு இடங்களில் இருந்தன. லீக் என்பது முதலிடத்துக்கான போட்டி என்றால், அந்த ஆண்டு அங்கே நடந்ததை என்னவென்று சொல்வது?

இளைஞர்களுக்கு ஆட்டம் வேண்டும், சந்தேகமில்லை. அதற்குச் சின்ன கிளப்புகளுக்கு அவர்களைக் கடனாகக் கொடுக்கும் வழி ஏற்கனவே இருக்கிறது. அதில் பையனும் கற்றுக்கொள்கிறான். அவன் அடிக்கும் கோலுக்கு ஒரு ஊரும் எழுந்து நின்று கைதட்டுகிறது.