ஒரு கடதாசி, பல சட்டைகள்: புத்தளக் கரையின் தையல் கதை

ஒரு பழைய பத்திரிகைத் தாள், அடிமட்டம், பேனை. இவ்வளவும் இருந்தால் ஒரு மேல்சட்டைக்கு மாதிரி வெட்டிவிடலாம். மார்புச் சுற்றளவு 36 அங்குலம் எண்டு வையுங்கள். அதில் நாலில் ஒரு பங்கு 9. தளர்வுக்கும் தையலுக்கும் 2 சேர்த்தால் 11. உயரம் 26. துணியை நீளவாக்கில் ஒருக்கா, குறுக்கே ஒருக்கா மடித்தால் நாலு மடிப்பு வரும். இரண்டு மடிப்பும் சந்திக்கிற மூலையில் கழுத்துக்கு ஒரு வளைவு, அக்குளுக்குக் கீழே இன்னொரு வளைவு. வெட்டி விரித்தால் முன், பின், கை எல்லாம் ஒரே துண்டு. தோளில் தையலே கிடையாது. முன்கழுத்தை மட்டும் கொஞ்சம் இறக்கி, இரண்டு பக்கமும் அடித்து, கழுத்துக்குப் பட்டி வைத்து, விளிம்பை மடித்தால் சட்டை.

ஒரு சிக்கல் இருக்கு. பூப்போட்ட துணியில் முன்பக்கப் பூ நேராக நின்றால் முதுகுப் பூ தலைகீழாக நிற்கும். அதனால் கண்டபடி சிதறிக் கிடக்கிற பூவாகப் பார்த்து எடுக்கவேணும், இல்லாவிட்டால் தோளில் வெட்டி மூட்டவேணும்.

மற்றபடி இந்த ஒரே கடதாசியில் இருந்து எத்தனையோ வரும். கழுத்தைப் படகு மாதிரி அகட்டலாம், முக்கோணமாக இறக்கலாம். முன்னால் நேரே பிளந்து பொத்தான் வைத்தால் கோட். நெஞ்சுக்குக் கீழே வெட்டிச் சுருக்கு வைத்தால் பிள்ளைச் சட்டை. முழங்கால் வரை நீட்டினால் குர்தா, கணுக்கால் வரை நீட்டினால் அபாயா. கற்பிட்டி தொடங்கி பாலாவி, தில்லையடி வரைக்கும் தையல் மெஷின் இருக்கிற வீடுகளில் இந்த வெட்டைத் தெரியாதவர்கள் குறைவு. இதை யாரும் வரலாறு எண்டு நினைப்பதில்லை. நாங்கள் நினைக்கிறோம்.

சட்டை என்பது அடிப்படையில் ஒரு பை. தலைக்கு ஒரு ஓட்டை, கைக்கு இரண்டு. சங்க இலக்கியத்தில் முல்லைப்பாட்டு யவனக் காவலரின் உடுப்பை ‘மெய்ப்பை’ என்கிறது. மெய்யைப் போட்டு வைக்கிற பை! இதைவிட நல்ல பெயர் இந்த வெட்டுக்குக் கிடையாது. தைப்பவர்களுக்கும் அப்போதே ‘துன்னகாரர்’ எண்டு ஒரு சொல் இருந்தது. ஆக, வெட்டித் தைப்பது வெள்ளைக்காரன் வந்து பழக்கியது என்கிற கதை முழுக்கச் சரியில்லை.

புத்தளக் கரைக்குத் துணி வந்த கதையும் பழசு. 1344இல் இப்னு பதூதா மாலைதீவில் இருந்து வந்து இறங்கியது இங்கேதான். ஆரியச் சக்கரவர்த்தி அப்போது இங்கே இருந்தார். கரையெல்லாம் கறுவா மரம் குவிந்து கிடந்ததாகவும், தமிழ்நாட்டுக் கரையில் இருந்தும் மலபாரில் இருந்தும் வந்தவர்கள் அதை ஏற்றிக்கொண்டு போய், பதிலுக்கு அரசனுக்குத் துணிமணி கொடுத்ததாகவும் பதூதா எழுதியிருக்கிறார். பிறகு போர்த்துக்கேயர். அவர்கள் விட்டுப்போன சொற்கள் இன்னும் தையல் பெட்டிக்குள் கிடக்கு: பொத்தான், ரேந்தை, கழிசான். 1863இல் அமெரிக்காவில் எபனேசர் பட்டரிக் என்ற தையல்காரர் அளவு அளவாகக் கடதாசி மாதிரிகளை விற்கத் தொடங்கினார். 1877இல் சிங்கர் கம்பனி இலங்கையில் கடை திறந்தது. மெஷின் வீட்டுக்குள் வந்தது அதுக்குப் பிறகுதான்.

இனி 1990.

அந்த ஒக்டோபரின் கடைசி இரண்டு வாரங்களில் விடுதலைப் புலிகள் வடமாகாணத்தில் இருந்து முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். ஏறத்தாழ 75,000 பேர். யாழ்ப்பாண நகரத்தில் அது ஒக்டோபர் 30. இரண்டு மணித்தியால அவகாசம். சில நூறு ரூபாயும் மாற்றுடுப்பும்தான் கொண்டு போகலாம். நகையும் மிச்சக் காசும் வழியிலேயே பறிக்கப்பட்டன. மன்னார்ச் சனங்களில் பலர் வள்ளத்தில் கற்பிட்டிக்கு வந்து இறங்கினார்கள். பெரும்பாலானவர்கள் கடைசியில் வந்து நின்றது புத்தளம் மாவட்டத்தில். ஆலங்குடா, நுரைச்சோலை, தில்லையடி எண்டு ஓலைக் கொட்டில்கள் எழும்பின.

யாழ்ப்பாணத்துச் சோனகத் தெருவில் தையல்காரர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். பள்ளிக்கூட யூனிபோம், கலியாணக் கோட், கழிசான் எல்லாத்துக்கும் தமிழ்ச் சனம் அவர்களிடம்தான் போனது. ஒரு தையல்காரனிடம் ஊரின் உடம்பே இருக்கும். யாருக்குத் தோள் ஒரு பக்கம் சரிவு, யாருக்கு இந்த வருசம் வயிறு கூடிவிட்டது, எந்தப் பொடியன் மூன்று மாதத்தில் இரண்டு அங்குலம் வளர்ந்தான், எல்லாம் அளவுப் புத்தகத்தில் கிடக்கும். அந்தப் புத்தகங்களும் மெஷின்களும் அங்கேயே விடுபட்டன. அளவெடுக்க நிமிர்ந்து நின்ற சனம் அண்டைக்கு என்ன செய்தது என்பதைத் தமிழராகிய நாங்கள் இன்னும் வாய்விட்டுப் பேசவில்லை. பயம் இருந்தது உண்மை. பயம் மட்டும்தானா எண்டு கேட்கவேணும்.

இதைப் பற்றி எழுதுபவர்கள், கைத்தொழில் கையோடு வந்தது எண்டு அழகாக எழுதிவிடுவார்கள். கை வந்தது சரி. மெஷின் வரவில்லை. வாடிக்கையாளர் வரவில்லை. அளவாகத் தைக்கிற கோட்டுக்கும் கழிசானுக்கும் முகாமில் ஆள் இல்லை. 1977இல் பொருளாதாரம் திறந்து விடப்பட்ட பிறகு ரெடிமேட் உடுப்பும் வேறு சந்தையை நிறைத்திருந்தது. ஆம்பிளைகளின் தையல் கடை கையில் இருந்தே மாதிரி நழுவிப் பெண்களின் கொட்டிலுக்குள் போனது அப்போதுதான் என்பது எங்கட கணிப்பு.

பெண்களுக்கு முதலில் கிடைத்தது தோட்டக் கூலி. சின்ன வெங்காயம், மிளகாய். உள்ளூர்க் கூலியாட்களோடு சம்பளத்துக்குப் போட்டி, கிணற்றடியில் சண்டை, ‘அகதி’ எண்டு ஒரு பெயர். அதே நேரம் இருக்க இடம் கொடுத்ததும் சோறு சமைத்துக் கொண்டு வந்ததும் இதே புத்தளத்துச் சனம்தான், இரண்டையும் சேர்த்துத்தான் சொல்லவேணும். பிறகு நிறுவனங்கள் வந்தன. தையல் பயிற்சி, மெஷின். பெண் எண்டால் தையல் எண்டு யோசிக்கிற அந்தச் சோம்பேறித்தனத்தை நாங்கள் கொண்டாடப் போவதில்லை. எல்லாருக்கும் ஒரே தொழிலைப் பழக்கினால் ஒரே முகாமில் யார் யாருக்குத் தைப்பது? ஆனால் இத்தா இருக்கிற பெண்ணுக்கும், கைக்குழந்தைக்காரிக்கும், தோட்டத்துக்குப் போக முடியாத வயசாளிக்கும் வீட்டுக்குள் காசு பார்க்க வேறு வழி இருக்கவுமில்லை.

ஏன் இந்த வெட்டு? காரணம் துணிதான். 1992இல் அரசாங்கம் 200 ஆடைத் தொழிற்சாலைத் திட்டத்தை அறிவித்தது. அதுக்கு முன்பே கட்டுநாயக்கா வலயம் 1978இல் இருந்து ஓடிக்கொண்டிருந்தது. தொழிற்சாலையில் மிஞ்சுகிற துண்டுத் துணி கிலோக் கணக்கில் சந்தைக்கு வரும். ஒரு துண்டு முழுச் சட்டைக்குக் காணாது. அப்போ நெஞ்சு வரை ஒரு நிறம், கீழே இன்னொரு நிறம், கைக்கு மூன்றாவது. கஷ்டமான வெட்டில் இப்படி ஒட்டினால் கோணிக்கொண்டு நிற்கும். பை மாதிரியான இந்த வெட்டு எல்லாத்தையும் பொறுத்துக்கொள்ளும். உடம்பு மெலிந்தாலும் பெருத்தாலும் பொறுக்கும், அக்காவில் இருந்து தங்கச்சிக்கு இறங்கினாலும் பொறுக்கும். இண்டைக்கு நாங்கள் இன்ஸ்டகிராமில் ‘கலர் புளொக்’ எண்டு பார்த்து ஆசைப்படுகிறது அண்டைக்குத் துணி போதாமையால் வந்தது.

அதே வெட்டுக்கு நீளம் கூடினால் நாட்டில் வேறு பேச்சு. 2019 ஈஸ்டர் தாக்குதலுக்குப் பிறகு ஏப்ரல் 29இல் தடை செய்யப்பட்டது முகத்தை மூடுவது மட்டும். ஆனால் முகம் திறந்த அபாயாக்காரிகளும் ஆஸ்பத்திரி வாசலிலும் ஒபீஸ் வாசலிலும் மறிக்கப்பட்டார்கள். மே 12 சிலாபத்தில் முஸ்லிம்களின் கடைகள் தாக்கப்பட்டன. அடுத்த நாள் இதே மாவட்டத்தின் கொட்டாரமுல்லையில் ஒரு முஸ்லிம் கொல்லப்பட்டார். முழங்காலோடு நிற்கிற சட்டைக்கு ‘டொப்’ எண்டு பெயர், இன்னும் 20 அங்குலம் நீட்டினால் ‘அரபு உடுப்பு’. கடதாசி ஒன்றுதான். 1990களுக்குப் பிறகு அபாயா பரவியதில் வளைகுடாவுக்கு வேலைக்குப் போனதுக்கும் பெரிய பங்கு உண்டு, அதை முஸ்லிம் பெண்களே தங்களுக்குள் விவாதிக்கிறார்கள். அந்த விவாதத்தை வாசலில் நிற்கிற காவலாளி தீர்த்து வைக்கத் தேவையில்லை.

2007இல் உலக வங்கி உதவியோடு புத்தளத்தில் வீடமைப்புத் திட்டம் தொடங்கியது. 2009இல் யுத்தம் முடிந்தது. சிலர் வடக்குக்குத் திரும்பினார்கள், பலர் இரண்டு ஊருக்கும் இடையில் அலைகிறார்கள், புத்தளத்திலேயே பிறந்தவர்களுக்கு ‘திரும்புவது’ எண்டால் எங்கே எண்டு விளங்குவதில்லை. வெளியேற்றம் பற்றி ஒரு குடிமக்கள் ஆணைக்குழு 2011இல் அறிக்கை வெளியிட்டது. இழந்த வீடு, காணி, கடை, நகை பற்றிப் பேசப்படுகிறது. மெஷின் இழந்ததும் அளவுப் புத்தகம் இழந்ததும் எந்தக் கணக்கில் வரும்?

பத்திரிகையில் வெட்டிய மாதிரிக்கு ஒரு நல்ல குணம் இருக்கு. அதில் திகதி இருக்கும். பாதித் தலைப்பு இருக்கும், மரண அறிவித்தல் இருக்கும், சில வேளை கழுத்து வளைவுக்குள் ஒரு அமைச்சரின் அரை முகமும் இருக்கும். உங்கட உம்மாவோ பெரியம்மாவோ அலுமாரிக்கு மேலே சுருட்டி வைத்திருந்தால், கறையான் தின்ன முதல் எடுத்து விரியுங்கள். இரண்டு பக்கமும் படம் எடுங்கள். யாருடைய அளவு, எந்த வருசம், எந்த முகாம் எண்டு கேட்டுப் பின்பக்கத்தில் எழுதி வையுங்கள். ஒட்டி நீட்டிய இடம் இருந்தால் அதையும் கேளுங்கள். அந்தப் பிள்ளை எந்த வருசம் வளர்ந்தது எண்டு அதில்தான் இருக்கு.